மல்டி 2 டைமண்டுக்கு எதிரே: எந்த டபுள்?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் மல்டி 2 டைமண்ட் என்பது, ஹார்ட்ஸ் அல்லது ஸ்பேடில் ஆறு சீட்டுள்ள பலவீனக் கையைப் பெரும்பாலும் காட்டும் ஏலத் தொடக்கம். எதிரி இப்படித் தொடங்கும்போது நம் டபுளுக்கு என்ன பொருள் வைப்பது என்பதற்கு இரண்டு முறைகளை ஒப்பிடலாம். சாதாரண வீக் டூவில் (அதே பலவீனக் கையை அந்தச் சூட்டின் பெயரிலேயே 2 என்று தொடங்குவது) எதிரியின் சூட் முதலிலேயே தெரிந்துவிடும். மல்டியில் அது ஹார்ட்ஸா ஸ்பேடா என்பது பெரும்பாலும் அடுத்த சுற்றில்தான் வெளிவரும். அதனால் நமக்குக் கியூ பிட் (எதிரியின் சூட்டையே நாம் சொல்லி வலுவைக் காட்டும் ஏலம்) இல்லை. ஈடாக, ஏலம் இன்னொரு முறை நம்மிடம் வரக்கூடும். அந்த இரண்டாம் வாய்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் இரு முறைகளும் பிரிகின்றன.

முதல் முறையில் உடனடி டபுள் என்றால் 13–15 புள்ளி (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1) சமநிலைக் கை, அல்லது 19க்கு மேல் எந்த வடிவமும். டேக்அவுட் கை, அதாவது எதிரியின் சூட் குறைவாக இருந்து பார்ட்னரை வேறு சூட் சொல்லக் கேட்கும் கை, முதலில் பாஸ் செய்து, சூட் தெரிந்த பிறகு டபுள் போடும். இரண்டாம் முறையில் உடனடி டபுள் ஸ்பேடுக்கு எதிரான டேக்அவுட். மிக வலுவான கைகளும் அதில் அடங்கும். ஹார்ட்ஸ் குறைந்த கைதான் காத்திருக்கும். இரண்டிலுமே 2 ஹார்ட், 2 ஸ்பேட் இயல்பான ஓவர்கால் (அந்தச் சூட்டையே காட்டும் எதிர் ஏலம்). 2 நோ டிரம்ப் 16–18, இரு மேஜரிலும் (ஹார்ட்ஸ், ஸ்பேட்) எதிரியின் ஓட்டத்தைத் தடுக்கும் ஸ்டாப்பருடன்.

ஸ்பேடில் ராஜா, ராணி, 7. ஹார்ட்ஸில் ஏஸ், ஜாக், 4. டைமண்டில் ராஜா, 8, 3. கிளப்பில் ராணி, 9, 6, 2. முதல் முறைக்கு இந்த 15 புள்ளி அல்வா மாதிரி. இரண்டாம் முறையில் பாஸ்தான். பிறகு ஓப்பனரின் (ஏலத்தைத் தொடங்கியவரின்) பார்ட்னர் 2 ஹார்ட் சொல்லி (‘ஹார்ட்ஸ் என்றால் பாஸ், ஸ்பேட் என்றால் மாற்று’), ஓப்பனர் 2 ஸ்பேடுக்கு மாறினால், நம் பார்ட்னரிடம் 10 புள்ளி இருந்தும் கேம் (போனஸ் தரும் உயர் ஒப்பந்தம்) நழுவிப்போகலாம்.

இப்போது ஸ்பேடில் ஒற்றை 4. ஹார்ட்ஸில் ஏஸ், ராணி, 8, 3. டைமண்டில் ராஜா, ஜாக், 7, 2. கிளப்பில் ஏஸ், 9, 6, 4. ஓப்பனரின் பார்ட்னர் நிதானமாக 2 ஹார்ட் சொல்லி, ஓப்பனர் 2 ஸ்பேடுக்கு மாற்றினால் முதல் முறைக்கும் சேதமில்லை. அப்போது டபுள் போடலாம். இரு மேஜரிலும் ஆதரவுள்ள அந்த எதிரி நேரே 3 ஹார்ட்டுக்குத் தாவினால்தான் வலி. ஓப்பனர் 3 ஸ்பேடுக்கு மாற்ற, அந்த உயரத்தில்தான் நம் முதல் சொல்லே வருகிறது. உடனே டபுள் போட்டிருந்தால், 3 ஹார்ட் வந்த கணமே பார்ட்னர் தீர்மானித்திருப்பார்.

ஆகவே, 3 ஹார்ட்டுக்கு அடிக்கடி தாவும் ஜோடிக்கு எதிரே இரண்டாம் முறை. 2 ஹார்ட், 2 ஸ்பேடிலேயே நிற்பவர்களுக்கு எதிரே முதல் முறை. ஒன்றை மட்டும் பழகுவதானால் முதலாவதையே எடுக்கலாம்: 13–15 சமநிலைக் கை அடிக்கடி வரும், மனப்பாடச் சுமையும் குறைவு.

எந்த முறையானாலும் பார்ட்னரோடு முன்பே பேசி வைக்க வேண்டியது ஒன்று: நம் டபுளுக்குப் பின் எதிரி சொல்லும் 2 ஹார்ட்டை உண்மையான ஹார்ட்ஸாகவே எடுத்துக்கொள்வது. அதன்மேல் பார்ட்னரின் டபுள் டேக்அவுட், சுமார் 8 புள்ளியிலிருந்து. ஒருவர் அதைத் தண்டனை டபுள் (எதிரி தோற்பார் என்று போடும் டபுள்) என்று நினைத்து பாஸ் செய்தால், ஓப்பனரின் ஆறு ஹார்ட்ஸும் நமக்கு எதிராக ஓடும்.