பெட்டி அருமை, லிட்டர் கணக்குதான் பொய்

10 இஞ்ச் சப்வூஃபருக்கு (அடிமட்ட பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ரெடிமேட் சீல்டு பாக்ஸ், அதாவது காற்று போக வழியில்லாமல் மூடிய பெட்டி ஒன்று வாங்கி ஆறு வாரம் ஆகிறது. ஸ்டிக்கரில் 28 லிட்டர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மாட்டி முதல் பாட்டைப் போட்டதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி முனகலாக அடங்கிவிடுகிறது; அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் முண்டியடித்துக்கொண்டு வருகிறது.

வூஃபரைக் கழற்றிவிட்டு அளவு டேப்பை எடுத்தேன். வெளி அளவு 40 × 35 × 20 செ.மீ. பெருக்கினால் அச்சு அசலாக 28 லிட்டர். அடப்பாவிகளா, பலகையின் கனத்தையும் சேர்த்தல்லவா விற்றிருக்கிறார்கள்! பலகை 18 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை). கழித்தால் உள்ளே 36.4 × 31.4 × 16.4, அதாவது 18.7 லிட்டர். வூஃபரின் காந்தமும் கூடை போன்ற சட்டமும் ஒன்றரை லிட்டரை அடைத்துக்கொள்ள, காற்றுக்கு மிஞ்சியது 17.2.

பத்து லிட்டர் போனால் என்ன என்று கேட்கலாம். சீல்டு பாக்ஸில் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. பெட்டி சிறுத்தால் அது விறைக்கும். வூஃபரின் டேட்டா ஷீட்டில் உள்ள விஏஎஸ்ஸை (வூஃபரின் தொங்கல் அளவுக்கே விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு) பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அதை க்யூடிஎஸ்ஸால் (வூஃபரின் அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டும் எண்) பெருக்கினால் க்யூடிசி, அதாவது பெட்டியில் மாட்டிய பிறகு அதே எண். 0.707 வந்தால் பேஸ் மேடு இல்லாமல் சமமாக இறங்கும். 1-ஐத் தொட்டால் இரைச்சலான 'தும் தும்'.

என் வூஃபருக்கு எஃப்எஸ் (பெட்டி இல்லாமல் அது இயல்பாக அதிரும் அலைவெண்) 32 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.55, விஏஎஸ் 40 லிட்டர். 0.707 வேண்டுமென்றால் 61 லிட்டர் பெட்டி. அதை அறைக்குள் வைத்தால் நான்தான் வெளியே படுக்க வேண்டும். 28 லிட்டரில் 0.86 வரும், பரவாயில்லை என்று சமரசம் செய்துகொண்டுதான் வாங்கினேன். கிடைத்ததோ 1.0. கணக்குப்படி 82 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றேகால் டெசிபல் மேடு, 41 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 5 டெசிபல் பள்ளம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41, அதன் மேல் ஸ்தாயி 82. என் காது பொய் சொல்லவில்லை.

தலையணைப் பஞ்சை, அந்த பாலியெஸ்டர் வகையை, உதிர்த்து உள்ளே தளர்வாக நிரப்பினேன். பஞ்சு இருந்தால் பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும். 20 சதவீதம் கூடியதாக வைத்தாலும் க்யூடிசி 0.94தான். முண்டியடிப்பு கொஞ்சம் குறைந்தது. முனகல் அப்படியே இருக்கிறது.

தச்சு வேலையில் மட்டும் குறை சொல்ல மாட்டேன். மூலைகளில் பசை வழிய ஒட்டியிருக்கிறார்கள், தட்டினால் 'டொக்' என்று ஒரே சத்தம். ஒயர் மாட்டும் டெர்மினல் கப்பைச் சுற்றி மட்டும் 30 ஹெர்ட்ஸ் டோன் போட்டபோது 'உஸ்' என்று காற்று கசிந்தது. சிலிக்கான் சீலண்ட் ஒரு சுற்று வைத்தேன், நின்றுவிட்டது.

க்யூடிஎஸ் 0.4, விஏஎஸ் 35 லிட்டர் அளவில் வூஃபர் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், க்யூடிசி 0.7க்கு வந்து உட்காரும். நான் 40 லிட்டரில் புதுப் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். அளவு எழுதிக் கொடுத்த தாளில் 'உள் அளவு' என்ற இடத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.