க்ரும்லோவா, பீசெக்கா, லோகெட்டா: ஒரு நாள் இருந்தால் எந்த ஆற்றங்கரைக்கு?

ப்ராக் நகரைப் பார்த்து முடித்தபின் கையில் ஒரு நாள் மிச்சமிருந்தால், எல்லோரும் சொல்லும் ஊர் செஸ்கி க்ரும்லோவ். காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் செக் நாட்டில் ஆற்றங்கரைச் சிற்றூர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பீசெக், லோகெட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

க்ரும்லோவ் ப்ராக்கிலிருந்து தெற்கே சுமார் 170 கிலோமீட்டர். வல்டாவா ஆறு இங்கே லாடம்போல் வளைந்து, பழைய ஊரைக் கிட்டத்தட்ட முழுவதுமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. எதிர்ப்பக்கப் பாறைமேல் நீளமாகக் கிடக்கும் கோட்டையைப் பற்றிய குறிப்பு 1253 முதல் கிடைக்கிறது. 1302 தொடங்கி முந்நூறு ஆண்டு அது ரோசன்பெர்க் குடும்பத்தின் கையில் இருந்தது. வட்டக் கோபுரத்தின் வண்ண ஓவியங்களும் அரண்மனைத் தோற்றமும் 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் காலத்தில் வந்தவை. கடைசி வாரிசான பீட்டர் வோக், கடன் தாங்காமல் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்குக் கோட்டையை விற்றுவிட்டார். அப்புறம் எக்கன்பெர்க் குடும்பம், 1719 முதல் ஷ்வார்சன்பெர்க் குடும்பம்.

என் கணக்கில் இங்கே தவறவிடக் கூடாதது கோட்டைக்குள் இருக்கும் பரோக் (ஆடம்பர அலங்காரம் நிறைந்த பழைய ஐரோப்பியப் பாணி) நாடக அரங்கம். 1766இல் முடிந்த மேடை, மேடைக்கு அடியில் மர உருளைகளும் கயிறுகளும், வரைந்த காட்சித் திரைகள், உடைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பார்வையாளர் கண்முன்னே சில நொடிகளில் காடு அரண்மனையாக மாறும் இயந்திர அமைப்பு இது. ஐரோப்பாவில் இவ்வளவு முழுமையாகத் தப்பித்தவை மிகக் குறைவு. தப்பித்த காரணம்தான் வேடிக்கை: 19ஆம் நூற்றாண்டில் ஷ்வார்சன்பெர்க்குகள் ஹ்லுபோகா என்ற வேறொரு ஊரில் தங்கள் மாளிகையைப் புதுப்பித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். க்ரும்லோவைப் புதுப்பிக்க யாரும் கை வைக்கவில்லை.

ஊருக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். இங்கே பெரும்பாலும் ஜெர்மன் மொழிக்காரர்கள்தான் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் சிதைந்து நின்றன. 1992இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்பட்டு, இன்று பலவும் விடுதியும் உணவகமும்தான். 2018இல் கத்தெரீனா ஷெடா என்ற கலைஞர், சம்பளம் கொடுத்துச் சில குடும்பங்களை இந்த மையப் பகுதியில் சாதாரண வாழ்க்கை வாழ வைத்தார். அதையே வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கட்டடக்கலைக் கண்காட்சியில் செக் நாட்டுப் படைப்பாக வைத்தார். துணி காயப்போடக்கூட ஆள் வைக்க வேண்டிய நிலை! ஓவியர் எகோன் ஷீலே தன் தாயார் பிறந்த இந்த ஊரில் 1911இல் குடியேறியபோது நிலைமை தலைகீழ். அக்கம்பக்கத்தார் அவர் வாழ்க்கை முறையைப் பொறுக்காமல் துரத்தியே விட்டார்கள். இப்போது அவர் பெயரில் இங்கே ஒரு கலை மையம் இருக்கிறது.

பீசெக்கில் இந்த நெரிசல் இல்லை. ப்ராக்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், ஓட்டவா ஆற்றங்கரை (கனடா தலைநகர் இல்லை). ஒரு காலத்தில் இந்த ஆற்று மணலில் பொன் அரித்தார்கள். இரண்டாம் பிரெமிஸ்ல் ஓட்டகார் மன்னர் காலத்துக் கோட்டையில் எஞ்சியது கொஞ்சம்தான். அதில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. அரண்மனை தேடுபவருக்கு இந்த ஊர் ஏமாற்றமே.

ஆனால் பாலம் ஒன்று போதும். 13ஆம் நூற்றாண்டில் கட்டிய இந்தக் கல்பாலம், செக் நாட்டில் இன்றும் நிற்பவற்றில் மிகப் பழையது. ப்ராக்கின் சார்லஸ் பாலத்துக்கு அடிக்கல் போட்டதே 1357இல்தான். 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் பாலம் முழுக்க முங்கியது. கைப்பிடிச் சுவர்களையும் சிலைகளையும் ஆறு அடித்துக்கொண்டு போனது, வளைவுகள் அசையவில்லை. சுமார் 110 மீட்டர் நீளம், நிதானமாக நடந்தால் மூன்று நிமிடம்.

பாலத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் பழைய நீர்மின் நிலையம். பொறியாளர் ஃப்ரான்டிஷெக் க்ரிஷீக் 1887இல் இந்த ஊர்த் தெருக்களில் நிரந்தர மின்விளக்கு ஏற்றிக் காட்டினார். செக் நிலப்பகுதியில் அதுவே முதல். மறு ஆண்டே ஓர் ஆலையை மின் நிலையமாக மாற்றினார்கள். இப்போது அது அருங்காட்சியகம், கூடவே மின்சாரமும் எடுக்கிறார்கள். க்ரும்லோவில் பார்ப்பதெல்லாம் பிரபுக்கள் விட்டுப்போனவை. பீசெக்கில் பார்ப்பவை ஊர்க்காரர்கள் இன்றும் புழங்குபவை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

லோகெட் மேற்கே, கார்லோவி வாரி பக்கம். அந்த வெந்நீர் ஊற்று நகருக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். ஓஹ்ரே ஆற்றின் வளைவுக்குள் குன்றுமேல் கோட்டை, சுற்றி ஒரு கைப்பிடி வீடுகள். பிற்காலப் பேரரசர் நான்காம் சார்லஸை மூன்று வயதில் அவர் தந்தையே இங்கே அடைத்து வைத்தார். பின்னாளில் இந்தக் கோட்டை நெடுங்காலம் சிறைச்சாலையாகவும் இருந்தது. ஜெர்மன் கவிஞர் கதே 1823இல் தன் 74ஆவது பிறந்தநாளை இங்கேதான் கொண்டாடினார். அரை நாள் போதும்.

ஆக, முதல்முறை போகிறவர், ஒரே ஒரு ஊர்தான் என்றால் க்ரும்லோவ். பகல் கூட்டம் கிளம்பியபின் ஊரைப் பார்க்க இரவு தங்குங்கள். ஏற்கெனவே பார்த்தவர்களும் கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களும் பீசெக் போகலாம். இரண்டும் தெற்கு பொஹீமியா என்ற ஒரே வட்டாரத்தில்தான் என்பதால் இரண்டு நாள் இருந்தால் சேர்த்தே முடிக்கலாம். க்ரும்லோவ் நாடக அரங்கம் மட்டும் குளிர்காலத்தில் மூடியிருக்கும். வழிகாட்டியோடு சிறு குழுவாகத்தான் விடுவார்கள். அதனால் சீட்டை முதலில் எடுத்துவிட்டு, மற்றதை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.