ஜிம்னி ஐந்து கதவு வண்டிக்கு 40 மி.மீ. சஸ்பென்ஷன் லிஃப்ட்: போடுவதற்கு முன்பும், ஓட்டிப் பார்த்த பிறகும்

மாருதி சுசூகியின் சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியான ஜிம்னிக்கு அடியில் தரைக்கு மிக நெருக்கமாக இருப்பது டிஃபரென்ஷியல் ஹவுசிங், அதாவது ஆக்சிலில் இரு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர்களின் பெட்டி. கம்பெனி சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் அந்த இடத்துக்கு உரியது. முன்னும் பின்னும் ஒரே துண்டான ரிஜிட் ஆக்சில் என்பதால், ஹவுசிங் டயரின் மேல் நிற்கிறது. ஸ்பிரிங்கின் மேல் நிற்கவில்லை. சஸ்பென்ஷனை உயர்த்தி சேசிஸையும் பாடியையும் தூக்கும் 40 மி.மீ. லிஃப்ட் போட்டாலும் 210 அப்படியே 210தான். லிஃப்ட் போட்ட முதல் மாதமே "அதே கல் மறுபடியும் இடிக்கிறது" என்று பலர் புலம்புவதன் காரணம் இதுதான். அதனால் கிட் விலை விசாரிப்பதற்கு முன், வண்டிக்கு அடியில் படுத்து எங்கே கீறல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஹவுசிங்கில் மட்டும் கீறல் என்றால் உங்களுக்குத் தேவை பெரிய டயர். சேசிஸ் குறுக்குச் சட்டம், டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பகிரும் பெட்டி) காப்புத் தகடு, படிக்குக் கீழுள்ள விளிம்பு ஆகியவற்றில் அடி பட்டிருந்தால்தான் லிஃப்ட் வேலை செய்யும்.

ஐந்து கதவு ஜிம்னியில் இரண்டாவது வகை அடிதான் அதிகம். மூன்று கதவு வண்டியின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களின் இடைவெளி) 2250 மி.மீ.; இதில் 2590. முன் ஏற்றக் கோணம் 36 டிகிரி, அதில் குறையே இல்லை. நடு வயிறு தட்டும் கோணம் 24 டிகிரிதான். மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது தட்டுவது அங்கேதான். 40 மி.மீ. உயர்த்தினால் அந்தக் கோணம் ஏறக்குறைய 3 டிகிரி கூடும். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் வரப்பு தாண்டும்போதும் ஓடைக்கரை ஏறும்போதும் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

டயர் கணக்கையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வண்டியோடு வரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703.5. ஹவுசிங் உயர்வது அதில் பாதி, வெறும் 5 மி.மீ. 235/75 ஆர்15 என்றால் 733.5, ஹவுசிங் முழுசாக 20 மி.மீ. ஏறும். ஆனால் விட்டம் 5.8 விழுக்காடு கூடுவதால் எல்லா கியரும் அதே அளவு நீண்டுவிடும். 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு அது சிறிய சுமை இல்லை. மலைப்பாதையில் மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்கும். ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணும் மாறும். ஈரமண்ணும் வரப்பும்தான் உங்கள் பாதை என்றால் 215 டயரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. பாறைத் தடத்துக்கு 235 நியாயம். ஆனால் அது ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போது மட்கார்டு உள்லைனிங்கிலும் லீடிங் ஆர்மிலும் (முன் ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் நீளக் கை) உரசாமல் இருக்க லிஃப்டும், ஆக்சில் மேலேறும் எல்லையைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பின் நீட்டிப்பும் தேவைப்படும்.

எடை விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அதுதான் கவலை. இந்த வண்டியின் வெற்று எடை சுமார் 1210 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1545 கிலோ. இடையில் இருப்பது 335 கிலோ. இது நான்கு பேர் வண்டி; 80 கிலோ வீதம் நான்கு பேர் உட்கார்ந்தாலே 320 போய்விடும். ஸ்டீல் பம்பர், வின்ச், கூரை கேரியர், இரண்டு டப்பா தண்ணீர் என்று ஏற்ற ஏற்ற, ஆளை இறக்கிவிட வேண்டியதுதான். கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்கும். அனுமதி எடை ஒரு கிலோகூடக் கூடாது. பிரேக்கும் ஆக்சிலும் பேரிங்கும் பழையவைதானே.

ஸ்பிரிங் தேர்வு அந்த எடையைப் பொறுத்தது. ஒரு ஸ்பிரிங் 1 மி.மீ. அழுந்த 3 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 40 கிலோ நிரந்தரமாக ஏற்றினால் 13 மி.மீ. இறங்கும். "40 மி.மீ. லிஃப்ட்" என்று வாங்கியது 27 ஆகிவிடும். மறுபுறம், 150 கிலோ சுமைக்கு வடிவமைத்த பின் ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் 40 என்பது 60 ஆகி, பின்சீட்டில் இருப்பவர்கள் வேகத்தடைக்கு வேகத்தடை தூக்கிப் போடப்படுவார்கள். தினமும் வண்டியில் என்ன இருக்குமோ அதை எடைபோட்டு, அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஓல்ட் மேன் ஈமு, டஃப் டாக், டாபின்சன்ஸ் போன்ற ஆஸ்திரேலிய கிட்களில் மூன்று கதவு வண்டிக்கென்று வந்தவை ஏராளம். ஐந்து கதவு வண்டி அதைவிடச் சுமார் 100 கிலோ கூடுதல். பின் ஸ்பிரிங்கின் பாக எண் ஐந்து கதவுக்கு உரியதுதானா என்று எழுத்தில் உறுதி வாங்காமல் பணம் கட்ட வேண்டாம்.

வழிகள் மூன்று. மிக மலிவானது ஸ்பேசர்: ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு கட்டை. வண்டி உயரும், ஆனால் பழைய ஷாக் அப்சார்பரின் நீளம் மாறாது. நிற்கும் நிலையிலிருந்து ஷாக் கீழே விரிய 90 மி.மீ. இடம் இருந்தால், 30 மி.மீ. ஸ்பேசர் அதை 60 ஆக்கிவிடும். குழியில் சக்கரம் தொங்கும்போது ஷாக் தன் எல்லையை எட்டி "டக்" என்று இழுபடும். நாளடைவில் மேல் புஷ் கிழியும், சீல் கசியும், சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுற்றும். ஜிம்னியின் பெரிய பலமே ஆக்சில் நன்றாக வளைந்து கொடுப்பது. ஸ்பேசர் அதையே தின்றுவிடுகிறது. 20 மி.மீ. வரை, அதுவும் ஊர்ச்சாலை வண்டிக்கு என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, ஸ்பிரிங் மட்டும் மாற்றிப் பழைய ஷாக்கை விட்டுவைப்பது. இதிலும் அதே நீளச் சிக்கல் உண்டு. கூடவே, கெட்டியான ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைப் பழைய ஷாக் அடக்க முடியாமல் வண்டி தாவும். மூன்றாவது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் பொருத்தமான ஜோடியாக வாங்கி, 40 மி.மீ.யில் நின்று, காஸ்டரை (முன் சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) திருத்துவது. வருடக்கணக்கில் தினமும் ஓட்டும் வண்டிக்கு இதுதான் சரி. 50க்கு மேல் போனால் பிரேக் ஹோஸ், பான்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி), புரொபெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) என்று ஒவ்வொன்றும் கை நீட்டும். செலவு லிஃப்ட் கிட்டையே தாண்டிவிடும்.

வேலைக்கு முன் அளவெடுங்கள். சமதரை, நான்கு டயரிலும் சரியான காற்று, எரிபொருள் எவ்வளவு என்று குறிப்பு. வண்டியை இரண்டு மூன்று மீட்டர் உருட்டி நிறுத்திவிட்டு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளவும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் நுழைந்து குழப்பும். அலைன்மென்ட் கடையில் டோ (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டர் அளவும் சேர்த்து பிரிண்ட் கேட்டு வாங்கவும். பின்னால் ஒப்பிட அந்தத் தாள் வேண்டும்.

60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறும் வண்டிக்கு லிஃப்ட் போடவே கூடாது. முதலில் வீல் பேலன்ஸ், அடுத்து பான்ஹார்ட் ராட் புஷ், அதற்கடுத்து கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் இறுக்கம் என்று வரிசையாகப் பார்க்கவும். இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தராசைக் கொக்கி மாட்டி, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளை இழுத்தால் இறுக்கம் தெரிந்துவிடும். அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. கடைக்காரர் ஸ்டீயரிங் டாம்பர் மாற்றச் சொல்வார். டாம்பர் உதறலை மறைக்கும். காரணம் உள்ளே அப்படியே இருக்கும், லிஃப்டுக்குப் பிறகு இரட்டிப்பாக வெளியே வரும்.

பொருத்துவது கடினமான வேலை இல்லை. இந்த வண்டியில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி என்பதால் ஸ்பிரிங் கம்ப்ரெஸர் தேவைப்படாது. பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, ஆக்சிலை ஜாக்கியில் தாங்க வேண்டும். பான்ஹார்ட் ராட், லீடிங் ஆர்ம் போல்ட்களைத் தளர்த்தினால் போதும், கழற்ற வேண்டாம். ஸ்டெபிலைசர் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க், ஷாக்கின் கீழ் போல்ட், பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் ஒயர் கிளிப் ஆகியவற்றை எடுத்த பின்புதான் ஆக்சிலை இறக்கலாம். ஏபிஎஸ் ஒயரை மறந்து இறக்குவதுதான் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. ஒயர் அறுந்தது வெளியே தெரியாது, டாஷ்போர்டில் விளக்கு எரியும்போதுதான் தெரியும். முன் ஸ்பிரிங் இரண்டும் ஒரே உயரமாக இல்லாமல் வரலாம். ஓட்டுநர் பக்கத்துக்கென்று குறியிட்டிருக்கும். மாற்றிப் போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும். ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் உள்ள படியில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும்.

இந்த வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது போல்ட்களை எப்போது இறுக்குகிறோம் என்பதுதான். லீடிங் ஆர்ம், பின் ஆக்சிலைப் பிடிக்கும் டிரெய்லிங் ஆர்ம், பான்ஹார்ட் ராட் ஆகியவற்றின் புஷ்களில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுகும், சுற்றாது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முழுசாக முறுகிய நிலையில்தான் வாழ்க்கையைத் தொடங்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு, பிறகு கிழிசல், பிறகு பிரேக் போடும்போது "கடக்" சத்தம். வண்டி நான்கு டயரிலும் நின்று, முன்னும் பின்னும் ஒருமுறை உருண்ட பிறகே டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இறுக்கிய ஒவ்வொரு தலையிலும் வெள்ளை மார்க்கரால் போல்ட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. வீல் நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர்.

வண்டியை இறக்குவதற்கு முன், ஒரு சக்கரத்தை முழுசாகத் தொங்கவிட்டு ஸ்டீயரிங்கை இரு கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் கம்பி போல் விறைத்தால் நீண்ட ஹோஸோ பிராக்கெட் இறக்கமோ கட்டாயம். டிஃபரென்ஷியலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயும் விறைக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

லிஃப்டுக்குப் பிறகு முதலில் மாறுவது காஸ்டர். சேசிஸ் உயரும்போது லீடிங் ஆர்மின் பின்முனையும் கூடவே உயர்ந்து, ஆக்சிலின் தலை முன்பக்கம் கவிழ்கிறது. ஆர்ம் நீளம் 700 மி.மீ., லிஃப்ட் 40 என்றால் இழப்பு சுமார் 3.3 டிகிரி. உங்கள் ஆர்மை அளந்து, லிஃப்டை அதால் வகுத்து 57.3ஆல் பெருக்கினால் உங்கள் எண் வரும். காஸ்டர் குறைந்தால் வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். இதற்கு மையம் விலகிய புஷ்ஷை லீடிங் ஆர்மில் பிரெஸ் வைத்து ஏற்றலாம். புஷ்ஷின் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டால் இழப்பு இரட்டிப்பாகும், அதனால் பிரெஸ்ஸில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கவும். பாலியூரித்தேன் புஷ் ஆக்சில் வளைவதைக் கட்டிப்போடும், ரப்பர் நல்லது. ஆர்மின் பின்முனையைத் தாழ்த்தும் பிராக்கெட் பாறையில் முதலில் இடிக்கும். இன்னொன்று: காஸ்டரைத் திருத்த ஆக்சிலைச் சுழற்றும்போது பினியன் (டிஃபரென்ஷியலில் புரொபெல்லர் ஷாஃப்ட் சேரும் இடம்) முகம் கீழே சாயும், முன் புரொபெல்லர் ஷாஃப்ட் மூட்டின் கோணம் கூடும். இழந்ததை முழுசாக மீட்க முயலாமல், ஸ்டீயரிங் நன்றாகத் திரும்பும் அளவோடு நிறுத்திவிடுவது நல்லது.

பான்ஹார்ட் ராட் சாய்ந்திருப்பதால் ஆக்சில் பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் நகரும். 800 மி.மீ. ராடில் இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 100 இருந்து 140 ஆனால் நகர்வு 6 மி.மீ. இந்த அளவுக்கு ராட் மாற்ற வேண்டியதில்லை; 10ஐத் தாண்டினால் நீளம் மாற்றக்கூடிய ராட் போடலாம். ஸ்டீயரிங் வீலும் கோணலாக நிற்கும். அதை டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) நீளத்தில் சரிசெய்ய வேண்டும். ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக்கி மாட்டுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்; கோண சென்சார் குழம்பி, நேர்ச்சாலையிலேயே சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி தலையிடும்.

ஹெட்லைட்டையும் விடக் கூடாது. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 10 மி.மீ. கூடுதலாக உயர்ந்தால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் ஒளிக்கோடு ஏறக்குறைய 39 மி.மீ. மேலேறும். எதிரே வரும் பைக்காரரின் கண்ணில் அது நேராக அடிக்கும். வேலைக்கு முன்பே சுவரில் கோடு போட்டு வைத்தால் பின்னர் இறக்கிச் சரிசெய்வது எளிது.

முதல் 1000 கி.மீ.க்குள் புது ஸ்பிரிங் 5 முதல் 10 மி.மீ. அமர்ந்துவிடும். அப்போது எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கி, அலைன்மென்ட் பார்க்கவும். முதல் நாள் பார்த்த அலைன்மென்ட் தற்காலிகமானதுதான். 5000 கி.மீ.யில் முன் டயரின் உள், வெளி விளிம்பைத் தடவிப் பாருங்கள். ரம்பப் பல் போல் கையைப் பிடித்தால் டோ சரியில்லை. ஷாக் தண்டில் ஈரமான எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய மண்ணும் தெரிந்தால் சீல் போய்க்கொண்டிருக்கிறது. வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், ஸ்பிரிங் முனை உட்காரும் இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் ஒடிவது அந்த இடத்தில் தொடங்கும் துருவினால்தான். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, உயர்ந்த வண்டி முன்பைவிடக் கூடுதலாகச் சாய்வதை உடம்பு உணரும். ஸ்டெபிலைசர் லிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தப் பாதையில் போகவே கூடாது.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்துக் கோரிக்கையின்போது காப்பீட்டு சர்வேயர் முதலில் பார்ப்பதும் இத்தகைய மாற்றங்களைத்தான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் வேலைக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கழற்றிய ஸ்பிரிங், ஷாக், புஷ் எல்லாவற்றையும் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று எழுதிய அட்டையோடு கட்டி, எண்ணெய் தடவி வைத்தால், பழைய நிலைக்குத் திருப்ப ஒரு பகல் வேலை போதும்.