கம்பளி நூலுக்கு எது காவல்: வேப்பிலையா, வசம்பா, ஃப்ரீசரா?

ஸ்வெட்டரில் ஓட்டை போடுவது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அது எதையும் தின்பதில்லை. தின்பதெல்லாம் அதன் புழு. வெளிர் உடம்பு, பழுப்புத் தலை, நீளம் ஒரு சென்டிமீட்டர் வந்தால் அதிகம். அது புகுந்த நூல்கண்டை உதறினால் மணல்மணலாக எச்சம் கொட்டும். சிவப்பு நூலைத் தின்றிருந்தால் எச்சமும் சிவப்பு! நூல்தூசி என்று தட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆகவே எந்த வழியானாலும் நான் முதலில் பார்ப்பது, உள்ளே இருக்கும் முட்டையையும் புழுவையும் அது கொல்லுமா என்பதைத்தான்.

அந்துருண்டை கொல்லும், அதுவும் இறுக மூடிய பெட்டியில் ஆவி அடர்ந்து நின்றால். ஆனால் அந்த நாஃப்தலீன் ஆவியை நாமும்தான் சுவாசிக்கிறோம். ஜி6பிடி என்ற நொதி (சிவப்பணுக்களைக் காக்கும் என்சைம்) பிறவியிலேயே குறைவாக உள்ள கைக்குழந்தைக்கு அந்துருண்டையோடு கிடந்த கம்பளியைப் போர்த்தினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். குழந்தை இருக்கிற வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

வேப்பிலை பாட்டி காலத்து வைத்தியம்தான், ஆனாலும் கம்பளிக்கு அதை நம்ப மாட்டேன். வேம்பின் வீரியம் பெரும்பாலும் விதையில் இருக்கிறது. அதுவும் புழுவின் உடம்பில் பட வேண்டும், அல்லது வயிற்றுக்குள் போக வேண்டும். பீரோ மூலையில் காய்ந்து கிடக்கும் இலையைக் கம்பளிப் புழு ஏன் தின்னப்போகிறது? பச்சையாக வைத்தால் ஈரமும் கறையும்தான் மிச்சம்.

வசம்பு ஒரு படி மேல். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைப்பது வழக்கம். அதே முடிச்சைக் கம்பளிக்கும் வைக்கலாம். ஆனால் மணம் குறையக் குறையக் காவலும் குறையும், அவ்வப்போது மாற்ற வேண்டும். லாவண்டரும் தேவதாரு கட்டையும் இதே கதைதான், விலைதான் கூட.

என் ஓட்டு ஃப்ரீசருக்கு. நூலைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். முட்டை, புழு எல்லாம் காலி. வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை விடவேண்டும், இல்லாவிட்டால் கம்பளியில் நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் அதே பையில் வைத்தால் புதிய பூச்சி நுழைய வழியில்லை. உடுத்திய ஸ்வெட்டர், சால்வை என்றால் ஃப்ரீசருக்கு முன் துவைத்து நன்றாகக் காயவையுங்கள். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் ஏறிய இடத்தைத்தான் புழு முதலில் தேடும்.

இவ்வளவும் செய்யும் முன் ஒரு நூலிழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக இறுகினால் அக்ரிலிக், அதைப் புழு சீந்தாது.