பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி: அவுட்போர்டு வல்லம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டி, திருப்பி ஓட்டும் மோட்டார்) வைத்துத் தொழில் செய்கிறவர்கள் இதை அவசியம் படியுங்கள். தென்கடலில் எங்கள் வல்லம் தீப்பிடிக்காமல் தப்பியது கடவுள் புண்ணியம்.

செல்ஃப் ஸ்டார்ட் மோட்டார். அதில் 20 ஆம்ப் பியூஸ் அடிக்கடி போய்க்கொண்டே இருந்தது. மோட்டாரை இடது பக்கம் முழுக்கத் திருப்பும்போதுதான் போகிறது என்று தம்பி கவனித்து வைத்திருந்தான். பேரெடுத்த மெக்கானிக் கடை ஒன்றில் விட்டபோது இதை இரண்டு தடவை சொன்னான். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மீட்டரைக் கையில் எடுக்காமலே, "ரெக்டிஃபையர் போச்சு தம்பி, மாத்தியாகணும்" என்றார். மோட்டாரில் உண்டாகும் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பாகம் அது. 6,500 ரூபாய். பில் கிடையாது. கழற்றிய பழைய ரெக்டிஃபையரைக் கேட்டால், "அதெல்லாம் குப்பைக்குப் போயிருச்சு. இனிமே பியூஸ் போகவே போகாது, தைரியமாப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

சில நாள் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி, வலை பாய்ச்சிவிட்டுத் திரும்பும்போது வயர் கருகும் நாற்றம். மூடியைத் தூக்கினால் குப்பென்று புகை. மோட்டாரை நிறுத்தி, பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. பெட்ரோல் டேங்க் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குந்துகால் வல்லம் ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்து கரை சேர்த்தது.

உச்சிப்புளியிலிருந்து எலெக்ட்ரீசியன் தம்பி ஒருவர் வந்து பிரித்தார். பியூஸ் கூட்டுக்குள் பியூஸ் இல்லை. வயரிலிருந்து உரித்த செம்பு இழைகளை முறுக்கிச் செருகி, மேலே டேப் சுற்றியிருந்தது. பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான். எங்கோ ஷார்ட் ஆனால் முதலில் அது உருகி, கரண்டை நிறுத்த வேண்டும். முறுக்கிய செம்பு இழை லேசில் உருகாது, வயர்தான் பழுத்து எரியும். 20 ஆம்ப் இடத்தில் 40 ஆம்ப் போடுவதும் இதே ஆபத்துதான்.

எரிந்த வயரை மாற்றிவிட்டு, பியூஸ் இடத்தில் ஒரு பைக் ஹெட்லைட் பல்பைக் கோத்தார். லைட், ஜிபிஎஸ் எல்லாம் அணைத்திருந்தும் மோட்டாரை இடப்பக்கம் திருப்பியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் ஷார்ட். ரெக்டிஃபையர் சாக்கெட்டைப் பிடுங்கினார், பல்பு அணையவில்லை. ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி வந்து, ஜிபிஎஸ்ஸுக்குப் போகும் வயரைப் பிடுங்கியதும் அணைந்தது. மோட்டார் திரும்பும் இடத்தில் அந்தச் சிவப்பு வயர் இரும்பில் உரசி, தோல் கிழிந்து, செம்பு உப்பில் பச்சை பூத்துக் கிடந்தது. வயரை மாற்றி, உறை போட்டு, உரசாத இடமாகக் கட்டிவிட்டார். இன்றுவரை பியூஸ் போகவில்லை.

"புது" ரெக்டிஃபையரையும் சுரண்டிப் பார்த்தோம். கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் உப்புத் தின்ற பழைய உலோகம்.

கடைக்குப் போய்க் கேட்டோம். "என்ன ஆதாரம்?" என்று எகிறினார், பணம் வரவில்லை. பில் இருந்திருந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயிருப்போம். எந்தக் கடையாக இருந்தாலும் பில்லையும் பழைய பாகத்தையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பல்பு போட்டோ மீட்டர் வைத்தோ எங்கே ஷார்ட் என்று காட்டச் சொல்லுங்கள்.

சமீபத்தில் வெளியில் மோட்டாரை ரிப்பேருக்கு விட்டவர்கள், அடுத்து வல்லத்தை இறக்குவதற்கு முன்னால் பியூஸ் கூட்டைத் திறந்து பாருங்கள். 20 ஆம்ப் பிளேடு பியூஸ் என்றால் மஞ்சளாக இருக்கும், மேலே 20 என்று போட்டிருக்கும். உள்ளே டேப்பும் கம்பியும் இருந்தால் அந்த மோட்டாரோடு கடலுக்குப் போகாதீர்கள்.