காரைக்குடியில் ஒரு வாடகை வீட்டுப் பராமரிப்புச் சேவை: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

செக்காலைப் பக்கம் எங்கள் வீடு. கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய கட்டு, மாடியில் பிற்பாடு எழுப்பிய கான்கிரீட் போர்ஷன். நான் கோயம்புத்தூரில் மகனோடு இருப்பதால், இரண்டையும் வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உள்ளூர்ச் சேவை ஒன்றிடம் கொடுத்தேன். ஆள் பிடித்துத் தர ஒரு மாத வாடகை, அப்புறம் மாதாமாதம் வாடகையில் 8 சதவீதம்.

ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். மாடிக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் இரண்டு பெண்கள், கீழே மாற்றலாகி வந்த வங்கிக் குடும்பம். வாடகை ஐந்தாம் தேதிக்குள் கணக்கில் விழுந்துவிடுகிறது. ஆனிக் கடைசியில் யாராவது காலி செய்தால் ஆடி முழுக்க வீடு சும்மா கிடக்கும். ஆடியில் நம் ஊரில் யார் பால் காய்ச்சுவார்கள்? அதனால் காலி செய்வதென்றால் சித்திரையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். இது எனக்குத் தோன்றாத யோசனை. மாநகராட்சிக்கு அரையாண்டுச் சொத்து வரியையும் நேரத்துக்குக் கட்டி ரசீது அனுப்புகிறார்கள்.

ஒப்பந்தப் பதிவில்தான் இழுத்தடிப்பு. "முத்திரைத்தாளில் 11 மாதம்னு போட்டாப் போதும் ஆச்சி" என்றார்கள். சார்பதிவாளர் அலுவலகம் போகாமலிருக்க அது போதும். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். நாளைக்கு ஒரு தகராறு என்றால் அந்த எண்தான் கைகொடுக்கும். நச்சரித்த பிறகு ஆன்லைனில் செய்து கொடுத்தார்கள்.

இனி தரை விஷயம். முன்பு இருந்தவர்கள் காலி செய்ததும் வீட்டைக் கழுவ ஆள் அனுப்பினார்கள். "ஆச்சி, கவலைப்படாதீங்க, ஆசிட் ஊத்தித் தரையைப் பளிச்சுன்னு ஆக்கிட்டோம்" என்று போனில் பெருமையாகச் சொன்னபோது எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் பட்டால் சிமெண்டை அரித்து, மேல் பளபளப்பைத் தின்றுவிடும். வெறும் தண்ணீர் போட்டுத் துடைத்தாலே போதும். இப்போது முகப்பில் சிவப்பும் பச்சையும் வெளுத்து, சாக்பீஸ் தடவினாற்போல் கிடக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் புதுக்கல் வாங்கிப் போட்டால் பழைய நிறத்தோடு சேராது. நஷ்டம் கேட்டதற்கு ஒரு மாதக் கமிஷனை விட்டுக்கொடுத்தார்கள். அதற்குமேல் பேச்சில்லை.

மின்சாரம் இன்னும் தீராத வழக்கு. இரண்டு போர்ஷனுக்கும் ஒரே மீட்டர். இரண்டு வீட்டு யூனிட்டும் கூடி உயர்ந்த கட்டணத்துக்கு ஏறிவிடுகிறது, யார் ஏசி போட்டார்கள் என்று மேலும் கீழும் மனஸ்தாபம். இவர்கள் சப் மீட்டர் வைத்து ரீடிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் கணக்கு பிரிகிறது, கட்டணம் குறையவில்லை. தனி இணைப்புக்கு நான்தான் அலைய வேண்டும்.

இன்னொன்று: இவர்களுக்குக் கொடுக்கும் 8 சதவீதத்தை வருமான வரியில் தனியாகக் கழிக்க முடியாது. வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் பொதுவாகக் கழிவு. ரிப்பேர், கமிஷன் எல்லாம் அதற்குள் அடக்கம். கையில் என்ன நிற்கும் என்று பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

பள்ளத்தூரில் பங்காளிகளுக்கெல்லாம் பொதுவான எங்கள் வளவு வீட்டையும் கல்யாணத்துக்கு, ஷூட்டிங்குக்கு விடலாம் என்று கேட்டார்கள். பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றேன். அதோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கான்கிரீட் வீடு, பிளாட் வைத்திருப்பவர்கள் தாராளமாக இவர்களிடம் கொடுக்கலாம். நான் மாடியை மட்டும் இன்னொரு வருடத்துக்கு நீட்டித்திருக்கிறேன். கீழ்க்கட்டை எங்கள் பழைய கொத்தனார் பார்த்துக்கொள்கிறார், கூலியை நேராக அவருக்கே அனுப்புகிறேன். சேவைக்குப் போன் செய்வதென்றால் காலை பத்துக்குள் செய்யுங்கள், அப்புறம் எடுக்க மாட்டார்கள்.