காவிரிக்கரை 'மசாடெக் இரவு': காளான் வறுவலுக்குப் போகலாம், சடங்குக்கு வேண்டாம்

மச்சான் கூப்பன் வாங்கிக் கொடுத்ததால் போனேன். திருவையாறு பக்கம் தென்னந்தோப்புக்குள் நாலைந்து குடில் போட்டு நடத்துகிறார்கள், பெயர் வேண்டாம். 'மெக்ஸிகோ மசாடெக் மக்களின் புனிதக் காளான் சடங்கு, ஓர் இரவு, 3,500 ரூபாய்' என்று விளம்பரம். போதைக் காளான் கிடைக்கும் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அதில் இருக்கும் சைலோசைபின் என்ற பொருள் நம் ஊரில் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, மாட்டினால் கம்பிதான். இவர்கள் கொடுத்தது சிப்பிக் காளான் சூப். அதில் எனக்குக் குறையில்லை, சூப் நன்றாகவே இருந்தது.

குறை சடங்கில். யோகா பாயில் வட்டமாக உட்காரவைத்து, நடுவில் பேட்டரி மெழுகுவர்த்தி, ஸ்பீக்கரில் புல்லாங்குழல், 'உங்களுக்குள் இருக்கும் பிரபஞ்சத்தைத் தேடுங்கள்' என்று ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டே இருக்கிறார். மெக்ஸிகோவின் வஹாக்கா மலையில் வாவுட்லா என்ற ஊரில் மரியா சபீனா என்ற மசாடெக் வைத்தியர் நடத்திய 'வெலாடா' என்ற இரவுச் சடங்கில் யாரும் பிரபஞ்சத்தைத் தேடவில்லை. வீட்டில் ஒருவர் படுத்த படுக்கை, என்ன நோய் என்று தெரியவில்லை, அதற்காகத்தான் ராத்திரியில் கூடுவார்கள். புனிதர் படங்களுக்கு முன்னால் சாம்பிராணி மாதிரி கோப்பல் என்ற பிசினைப் புகைத்து, காளானை ஜோடி ஜோடியாகப் பங்கிட்டு, வைத்தியரும் சாப்பிடுவார். வெளிச்சத்தை அணைத்துவிட்டு விடிய விடியப் பாடுவார். நம் ஊரில் பூசாரியிடம் குறி கேட்கப் போகிறவர் கையில் ஒரு கேள்வி இருக்குமே, அதே மாதிரிதான். பதில் சொல்வது காளான்தான் என்பது அவர்கள் நம்பிக்கை, 'புனிதக் குழந்தைகள்' என்றே அதை அழைப்பார்கள்.

கார்டன் வாசன் என்பவரின் கதையை மைக் பிடித்தவர் ரசித்துச் சொன்னார்: நியூயார்க் வங்கிக்காரர், 1955இல் மரியா சபீனாவோடு உட்கார்ந்து காளான் சாப்பிட்டார், 1957இல் 'லைஃப்' பத்திரிகையில் எழுதினார். சரி. அப்புறம் நடந்ததை விட்டுவிட்டார். கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள், ஊரார் கோபம் அந்த அம்மா மேல் திரும்பியது, வீட்டையே கொளுத்தினார்கள். வாசனுக்கு முன்னால் கடவுளைப் பார்க்க வேண்டும் என்று யாரும் காளான் சாப்பிட்டதில்லை, நோய் தீரத்தான் சாப்பிட்டார்கள் என்றும், வெளியாட்கள் வந்த பிறகு அந்தப் 'புனிதக் குழந்தைகளின்' சக்தியே போய்விட்டது என்றும் பின்னாளில் மரியா சபீனா வருந்தியிருக்கிறார். 1985இல் இறக்கும்வரை வறுமைதான். இவ்வளவையும் முழுங்கிவிட்டு அவர் படத்தை மட்டும் பேனரில் போட்டால் எப்படி?

சூப் ஊற்ற வந்த சமையல்கார அம்மா மட்டும் மெதுவாக, "யாருக்கு தம்பி உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். மைக் பிடித்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

குடில் சுத்தம், கொசுவலை உண்டு, தண்ணீர் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. காலையில் அதே அம்மா வைக்கோல் காளானைச் சின்ன வெங்காயம், மிளகு தட்டிப்போட்டு வறுத்து இட்லியோடு வைத்தார், ஓரம் முறுகி, நடுவில் சாறு வற்றாமல், அதற்கு ஐந்து ஸ்டார் தரலாம். காலைச் சாப்பாடு மட்டும் தனியாக 180 ரூபாய்க்குத் தருகிறார்கள், முதல் நாளே போன் செய்து சொல்லிவிட வேண்டும். ராத்திரி நிகழ்ச்சிக்கு ஒரு ஸ்டார், அதுவும் சூப்புக்காக.